கடல் நீரே எரிபொருள் என்கிறார்களே, அப்புறம் அணுக்கரு இணைவு உலைகளுக்கு டிரிட்டியம் தட்டுப்பாடு எப்படி வரும்?

லேசான அணுக்கருக்களை ஒன்றாக்கி ஆற்றல் எடுப்பதுதான் அணுக்கரு இணைவு. கடலில் கொட்டிக் கிடப்பது டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன். அது பாதி எரிபொருள்தான். மறுபாதி டிரிட்டியம், அதைவிடக் கனமான, தானே சிதையும் ஹைட்ரஜன். "ஒரு வாளி கடல் நீர் போதும்" என்று மேடையில் பேசுபவர்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நான் இயற்பியல் ஆசிரியன். மாணவர்கள் இதைக் கேட்கும்போதெல்லாம் நேராக நியூட்ரான் கணக்குக்குத்தான் போவேன்.

அதற்கு முன் கையிருப்பைப் பார்த்துவிடலாம். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 12.3 ஆண்டுகள். பத்திரமாகப் பூட்டி வைத்தாலும் ஆண்டுக்குச் சுமார் 5.5 சதவீதம் ஹீலியம்-3 ஆக மாறிவிடும். இயற்கையில் கிடைப்பது சொற்பம். ராணுவத்தை விட்டுவிட்டால், இன்று முக்கிய ஊற்று கனடாவின் காண்டு (CANDU) வகை அணுமின் உலைகள். அங்குள்ள கனநீர் (டியூட்டீரியம் கொண்ட நீர்) நியூட்ரானை விழுங்குவதால் உண்டாகும் டிரிட்டியத்தை ஒன்டாரியோவின் டார்லிங்டனில் பிரித்தெடுக்கிறார்கள். (நம் கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையமும் கனநீர் உலைதான், அந்தக் கனநீரிலும் இது சேரும்.) ஒரு உலையிலிருந்து ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் கிராம் தேறும். உலகின் மொத்தக் கையிருப்பே சில பத்து கிலோ என்கிறார்கள். கிராம் விலை ஏறத்தாழ 30,000 டாலர்.

தேவை எவ்வளவு? இணைவில் 1,000 மெகாவாட் ஆற்றலை ஓர் ஆண்டு முழுக்க எடுத்தால் சுமார் 55 கிலோ டிரிட்டியம் எரியும். இது மின்சாரக் கணக்குகூட இல்லை, வெப்பக் கணக்கு.

ஆக, உலை தன் டிரிட்டியத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இணைவு நடக்கும் அதிவெப்ப வாயுவான பிளாஸ்மாவைச் சுற்றி லித்தியம் அடைத்த போர்வை ஒன்றை வைப்பார்கள். இணைவில் வெளிவரும் நியூட்ரான், லித்தியத்தின் ஒரு வகையான லித்தியம்-6 மீது மோதினால் டிரிட்டியமும் ஹீலியமும் கிடைக்கும். சிக்கல் இங்கேதான். ஒரு இணைவுக்கு ஒரு டிரிட்டியம் செலவு. அதில் வருவதும் ஒரே ஒரு நியூட்ரான். அதில் கொஞ்சம் எஃகுச் சுவரில் போகும், கொஞ்சம் போர்வை இல்லாத இடுக்குகளில் நழுவும். வெறும் லித்தியம்-6 மட்டும் இருந்தால் கணக்கு நட்டத்தில்தான் முடியும்.

அதனால்தான் பெரிலியமோ ஈயமோ சேர்க்கிறார்கள். வேகமான ஒரு நியூட்ரான் இவற்றில் மோதினால் இரண்டு வெளியே வரும். இப்படி எல்லாம் செய்தும், காகிதக் கணக்கிலேயே ஒரு டிரிட்டியம் எரிந்தால் 1.05 முதல் 1.15 வரைதான் திரும்பக் கிடைக்கிறது. குழாய்களில் ஒட்டிக்கொள்வது, காத்திருக்கும்போது சிதைவது எல்லாம் அந்தச் சின்ன உபரிக்குள் அடங்க வேண்டும். அடுத்த உலைக்கு விதைநெல்லும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

உள்ளே செலுத்தும் டிரிட்டியத்தில் ஒரு சிறு பங்குதான் ஒரு சுற்றில் எரிகிறது என்பது இன்னொரு தலைவலி. மீதியை உறிஞ்சி, சுத்தம் செய்து, சில மணி நேரத்துக்குள் மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும். இந்தச் சுழற்சி எவ்வளவு மெதுவோ, அவ்வளவு கூடுதல் கையிருப்பு தேவை.

லித்தியமும் லேசுப்பட்டதல்ல. இயற்கை லித்தியத்தில் லித்தியம்-6 சுமார் 7.5 சதவீதம்தான். அமெரிக்கா 1950களில் ஓக் ரிட்ஜ் என்ற ஊரில் அதைப் பாதரசத்தைக் கொண்டு பிரித்தது. அந்தப் பாதரச மாசு இன்னும் அந்த ஊரை விடவில்லை.

முடியவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். இயற்பியல் இடம் கொடுக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் ஜெட் (JET) என்ற சோதனை இணைவு உலை 2023-இல் 69 மெகாஜூல் சாதனை படைத்தபோது எரிந்தது வெறும் 0.2 மில்லிகிராம் எரிபொருள். முழு அளவுப் போர்வை எதுவும் இதுவரை ஓடும் இணைவு உலையில் இருந்ததே இல்லை. பிரான்சில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஐட்டர் (ITER) இணைவு உலையில்கூட சோதனைத் துண்டுகளைத்தான் பொருத்தப் போகிறார்கள். அங்கே டிரிட்டியத்தை எரிப்பது 2039-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. இன்று சேமிப்பில் இருக்கும் டிரிட்டியத்தில் அப்போது பாதிகூட மிஞ்சாது.