சிற்றாறு, சித்ரா நதி இரண்டும் ஒரே ஆறா? எது சரியான பெயர்?

ஒரே ஆறுதான். பிள்ளையின் பள்ளிக்கூட வேலைக்காகக் கேட்கிறீர்கள், ஊரை விட்டு வெளியே இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் அந்த ஆற்றங்கரைக்காரன். கங்கைகொண்டானுக்கு மேற்கே எங்கள் ஊர். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

குற்றாலத்தில் பேரருவியாக விழுவது இந்த ஆறுதான். தென்காசியைத் தாண்டி, வீரகேரளம்புதூரில் அனுமன் நதியைச் சேர்த்துக்கொண்டு, கங்கைகொண்டான் வழியாக வந்து சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனதிலிருந்து ஆற்றின் தலை அங்கே, கால் இங்கே திருநெல்வேலி மாவட்டத்தில். கயத்தாறும் வந்து சேர்வதால் சீவலப்பேரிக்கு முக்கூடல் என்று பழைய பெயர். முக்கூடற்பள்ளு பாடுகிற முக்கூடல் இதுதான். அம்பாசமுத்திரம் பக்கத்து முக்கூடல் வேறு ஊர்.

எங்கள் அப்பா இறந்தபோது சீவலப்பேரியில்தான் அஸ்தி கரைத்தோம். அய்யர் தாமிரபரணியைச் சொன்னார், சித்ரா நதியைச் சொன்னார், இன்னும் என்னென்னவோ சொன்னார். அம்மா படியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தவள் என்னைக் கூப்பிட்டு, "ஏய்யா, நம்ம ஆத்துப் பேர மட்டும் அவரு சொல்லவே இல்லயே?" என்றாள். அப்பா அறுபது வருஷம் அந்த ஆற்றுத் தண்ணீரில் நெல் போட்டவர். குற்றாலத்தில் சாரல் விழுந்தது என்று கேள்விப்பட்டால் ராத்திரியே மண்வெட்டியோடு மடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். சித்ரா நதி என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. சித்ரா நதியும் சிற்றாறும் ஒன்றுதான் என்று அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இந்தப் பெயர் ஒரு புண். சிறு + ஆறு = சிற்றாறு. சிற்றூர், சிற்றோடை போல. குற்றாலத்திலேயே சிற்றருவி இருக்கிறதே. கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஒரு சிற்றாறு இருக்கிறது, அங்கே அணைகளும் உண்டு. தாமிரபரணி பெரியது, இது சிறியது, அவ்வளவுதான். இதில் என்ன குறைச்சல்? பேச்சில் காற்று காத்து ஆவதுபோல் சிற்றாறு சித்தாறு ஆகும். சித்தாறு என்று காதில் விழுந்ததை யாரோ சித்ரா ஆக்கியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. கோயில் வழக்கில் இருக்கிற பெயரை நான் பழிக்கவில்லை, வடமொழி மேல் பகையும் இல்லை. தயவுசெய்து அந்தச் சண்டையை இங்கே கொண்டுவராதீர்கள். சித்ராதான் மூலம், சிற்றாறு அதன் மரூஉ என்று எழுதுகிறார்களே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பெயர் எழுதுவதில் இந்த அலட்சியம் எங்கும் இருக்கிறது. அப்பாவின் இறப்புச் சான்றிதழில் ஊர்ப் பெயரில் வர வேண்டிய 'ற' 'ர' ஆகிவிட்டது. அந்த ஒரு எழுத்துக்காக வங்கியில் அப்பாவின் சேமிப்பை அம்மாவுக்குக் கொடுக்க மறுத்தார்கள். திருத்த நான்கு தடவை வேலைக்கு லீவு போட்டேன். தப்பு செய்தவர் ஒருவர், அலைந்தவர்கள் நாங்கள். ஆற்றுப் பாலத்தில் வைத்த பலகையில் 'சிட்டார்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோதும் அதே வயிற்றெரிச்சல்தான்.

பிள்ளையை 'சிற்றாறு' என்றே எழுதச் சொல்லுங்கள். சித்ரா நதி என்றும் அழைப்பதுண்டு என்று கீழே ஒரு வரி போதும். சிற்றாறு என்பதில் மூன்று இடத்திலும் வல்லின 'ற' வரவேண்டும், அதை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.