பூனையின் மூக்கில் ரத்தமும் குறட்டையும்: கீமோ கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனைக்குப் பத்து வயது. நெல் மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்கு அதுதான் காவல். மூன்று மாதமாக வலது மூக்கில் மட்டும் சளி வடிகிறது, இப்போது ரத்தமும் சேர்ந்து வருகிறது. தூங்கும்போது குறட்டை விடுகிறது. வலது கண்ணுக்குக் கீழே லேசாகப் புடைத்திருக்கிறது. ஓர் ஊசி போட்டதில் பத்து நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. புற்றுநோயாக இருக்கலாம், கீமோ கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். பூனை அதைத் தாங்குமா, டாக்டர் ஐயா? வீட்டில் மருமகள் ஆறு மாதக் கர்ப்பம். அவளுக்கு ஏதும் ஆகாதே?
(நெல் விவசாயி, மன்னார்குடி வட்டம்)

பதில்: ஐயா, பத்து வருடம் உங்கள் நெல்லைக் காத்த ஜீவனுக்காகக் கேட்கிறீர்கள். தாங்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் என்ன கட்டி என்று தெரியாமல் கீமோவைத் தொடக் கூடாது.

ஒரு பக்க மூக்கில் மாதக்கணக்கில் சளி, ரத்தம், குறட்டை, முகத்தில் புடைப்பு என்றால் கட்டியைத்தான் முதலில் சந்தேகிப்போம். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றி வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்த எவர்சில்வர் டம்ளரைப் பூனையின் மூக்கருகே பிடியுங்கள். இரண்டு துவாரத்துக்கும் நேராக இரண்டு ஆவிப் படலம் படிய வேண்டும். இடது பக்கம் மட்டும் படிந்தால் வலது பாதை அடைபட்டிருக்கிறது. இதை மருத்துவரிடம் சொன்னால் அவருக்கு உதவியாக இருக்கும்.

அந்தப் பத்து நாள் நலம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போட்டது ஸ்டீராய்டு ஊசியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பூனையின் மூக்கில் அதிகமாக வரும் புற்று லிம்போமா, அதாவது வெள்ளையணுக்களில் எழும் கட்டி. ஸ்டீராய்டு பட்டால் அது சில நாள் சுருங்கி, பின் வளரும். அப்படிச் சுருங்கிய நேரத்தில் சதை எடுத்தால் பரிசோதனையில் நோய் பிடிபடாமல் போகலாம். தனி ஸ்டீராய்டிலேயே பழகிய கட்டி பிறகு கீமோவுக்கும் சரியாக மசியாது. அதனால் சதைப் பரிசோதனை முடியும்வரை இன்னொரு ஸ்டீராய்டு ஊசி வேண்டாம்.

புற்றுநோய் என்றும் இப்போதே முடிவு கட்ட வேண்டாம். புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூக்கில் புகுந்தாலும் இதே போலப் புடைக்கும். அதற்குப் பூஞ்சை மருந்துதான், கீமோ இல்லை. மேல்தாடைப் பல்வேரில் சீழ் பிடித்தாலும் கண்ணுக்குக் கீழ் வீங்கும். வயலில் புரோமாடியலோன் எலிக்கேக் வைத்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கு ரத்தம் உறையாது. அந்த நிலையில் மூக்கில் சதை எடுத்தால் ரத்தம் நிற்காமல் போய்விடும்.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம். இந்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். தேவைப்பட்டால் நாமக்கல்லுக்கோ சென்னை வேப்பேரிக்கோ அனுப்புவார்கள். மயக்கம் கொடுத்து, மூக்கினுள்ளிருந்து சிறு சதைத் துணுக்கை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். லிம்போமா என்று வந்தால் வயிற்றையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மூக்கில் இருக்கும் லிம்போமா சிறுநீரகத்திலும் ஒளிந்திருப்பதுண்டு.

லிம்போமா என்றால் கீமோ பலன் தரும். வின்கிரிஸ்டின் ஊசி, சைக்ளோபாஸ்பமைடு மாத்திரை, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமான முறை. நாய்க்குப் பிறப்புறுப்பில் வரும் கட்டிக்கு நம் ஊரில் போடுகிறார்களே, அதே வின்கிரிஸ்டின்தான். முதல் நான்கு வாரம் வாரம் ஒன்று, பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை பார்த்த பிறகே ஊசி. அது ரத்தக் குழாய்க்குள்தான் போக வேண்டும். வெளியே கசிந்தால் சதை அழுகும். தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து போடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பாதிக்கு மேற்பட்ட பூனைகளில் கட்டி கண்ணுக்குத் தெரியாத அளவு கரைந்துவிடும். அப்படிக் கரைந்த பூனைகள் ஒன்றரை, இரண்டு வருடம்கூட நன்றாக இருந்திருக்கின்றன. கரையாதவற்றுக்குச் சில மாதங்கள்தான். கார்சினோமா, அதாவது மூக்கின் உட்சவ்வில் எழும் வேறு வகைப் புற்று, என்று வந்தால் கீமோவை நம்பிச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். அதற்குக் கதிர்வீச்சுதான் சரி, அது நம் பக்கம் விலங்குகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

மனிதருக்குக் கீமோ கொடுத்துப் பார்த்தவர்கள் பயப்படுவது நியாயம். பூனைக்கு அவ்வளவு கடுமையாகக் கொடுப்பதில்லை. முடி கொட்டாது, மீசை உதிரலாம். இரண்டு மூன்று நாள் பசி குறையும், மலச்சிக்கல் வரும். காய்ச்சலோடு சுருண்டு படுத்தால் அன்றே கூட்டிப் போங்கள். வெள்ளையணு குறைந்து தொற்று ஏறியிருக்கும். காய்ச்சலுக்கென்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

மருமகளைப் பற்றிக் கேட்டீர்கள். பூனையின் புற்று மனிதருக்குத் தொற்றாது. ஆனால் கீமோ மருந்து மூத்திரத்திலும் மலத்திலும் வெளியேறும். ஊசிக்குப் பிறகு குறைந்தது மூன்று நாள் பூனையைத் தனி அறையில் மணல் தட்டு வைத்து அடையுங்கள். கையுறை போட்டு நீங்களே மணலை அள்ளுங்கள். அதை எருக்குழியில் கொட்டாதீர்கள், கிணற்றருகே புதைக்காதீர்கள். இரட்டைப் பையில் கட்டி மருத்துவமனையிலேயே கொடுத்துவிடலாமா என்று கேளுங்கள். கீமோ மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பிரசவமாகி, பால் கொடுக்கும் காலம் முடியும்வரை மருமகள் மாத்திரை, மணல் இரண்டையும் தொடவே வேண்டாம்.

செலவும் அலைச்சலும் முடியாது என்றால் அதில் குற்றம் ஒன்றுமில்லை. நோய் உறுதியான பிறகு பிரெட்னிசோலோன் மட்டும் கொடுத்தாலும் சில வாரங்கள், ஓரிரு மாதங்கள் மூச்சு லேசாகும். அதன் பிறகு வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சாப்பாட்டை முழுக்க விட்டுவிட்டால், வலியில்லாமல் தூங்கவைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

அதுவரை சாப்பாட்டைக் கவனியுங்கள். மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. மத்தி மீனை உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பாக வையுங்கள். முதலில் வெந்நீரில் நனைத்த துணியால் மூக்கின் மேல் காய்ந்த சளியை ஊறவைத்துத் துடைத்துவிடுங்கள். இரண்டு நாள் ஒன்றும் தின்னவில்லை என்றால் பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே கூட்டிச் செல்லுங்கள். போகும்போது பழைய ஊசிச் சீட்டையும் எலி மருந்து அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.