தூரத்து வீடா, பக்கத்து வீடா? மும்பை லோக்கல் கேள்வி பதில்

வாடகை ஏறினதும் மும்பையில நம்ம ஆளுங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான்: தள்ளிப் போய் குடியிருந்து தினம் லோக்கல் ரயில்ல வந்து போனா கட்டுப்படியாகுமா? தள்ளியிருக்கிற டோம்பிவிலியில குடித்தனம், தென் மும்பை ஃபோர்ட்ல பேங்க் வேலைன்னு சர்வீஸ் முழுக்க ஓட்டி ரிட்டயர் ஆனவ நான். வந்த கேள்விகளுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். வாடகை, சம்பளம் எல்லாம் கேட்டவங்களே கொடுத்த எண்கள்.

கேள்வி (செம்பூர்): அக்கா, கல்யாணமாகி ஆறு மாசம் ஆகுது. செம்பூர்ல பழைய கட்டடத்துல ஒன் பிஎச்கே, வாடகை 32,000. பத்லாபூர்ல 12,000-க்கு டூ பிஎச்கே பார்த்து வச்சிருக்கோம். எனக்கு பிகேசியில (பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ்) வேலை, கைக்கு 80,000 வருது. மாசம் இருபதாயிரம் மிச்சம்னு வீட்டுல சொல்றாங்க. மாறிடலாமா?

பதில்: மிச்சம் இருபதாயிரம் இல்லை தம்பி. ரெண்டு பக்கமும் ஷேர் ஆட்டோ, பாஸ், பசிச்சு இறங்குறப்போ ஸ்டேஷன் வாசல்ல சாப்பிடுற வடாபாவ், லேட்டான அன்னிக்கு குர்லாவுலேர்ந்து தனி ஆட்டோ, இதெல்லாம் சேர்ந்து ஐயாயிரமாவது போயிடும். கையில நிக்கிறது பதினஞ்சு.

இப்ப நேரம். ப்ரோக்கர் "ஸ்டேஷன் பத்து நிமிஷம், குர்லா ஒரு மணி நேரம்"னு சொல்லியிருப்பார். அது அவர் கணக்கு. நீங்க வீட்டுப் பூட்டைப் பூட்டுறதுலேர்ந்து ஆபீஸ் நாற்காலியில உக்கார்ற வரைக்கும் அளக்கணும். பத்லாபூர்ல ஷேர் ஆட்டோ நிறையுற வரைக்கும் காத்திருக்கணும். பிளாட்பார்ம்ல சரியான பெட்டி நிக்கிற இடத்துல முன்னாடியே போய் நிக்கணும். குர்லாவுல இறங்கி, பாலம் ஏறி, வெஸ்ட் பக்கம் வந்து, பிகேசி ஷேர் ஆட்டோ வரிசையில நிக்கணும். அந்தக் கடைசித் துண்டுதான் ஆளை உருக்கிடும், அதுவும் மழையில. எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு ரெண்டு மணி நேரம் வச்சுக்கோங்க. இப்ப செம்பூர்லேர்ந்து நாப்பது நிமிஷத்துல போயிடுறீங்க. ஆக, ஒரு நாளைக்குக் கூடுதலா ரெண்டே முக்கால் மணி கிட்ட. மாசத்துக்கு 22 நாள்னா அறுபது மணி நேரம். பதினஞ்சாயிரத்தை அறுபதால வகுத்தா மணிக்கு 250 ரூபாய். உங்க ஆபீஸ் உங்களுக்கு மணிக்கு 400 கிட்ட கொடுக்குது. அதைவிடக் குறைஞ்ச விலைக்கு, அதுவும் தூங்கி எழுந்த நல்ல நேரத்தை விக்கிறீங்க.

இந்த வகுத்தல் முழு நியாயம்னு சொல்ல மாட்டேன். அந்த அறுபது மணியில எத்தனை மணி உக்கார்ந்து, எத்தனை மணி நின்னுன்னும் பார்க்கணும். உக்கார்ந்து போற ஒரு மணி நேரத்துல தூங்கலாம், படிக்கலாம், ஸ்லோகம் சொல்லலாம், கீரை ஆயலாம். நான் ஆய்ஞ்சிருக்கேன். நிக்கிற ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்தப்புறம் இன்னொரு மணி நேரத்தையும் தின்னுடும். பத்லாபூர்லயே புறப்படுற வண்டி உங்க நேரத்துக்குத் தோதா இருந்தா யோசிக்கலாம். கர்ஜத்லேர்ந்தோ கோபோலியிலேர்ந்தோ நிறைஞ்சு வர்ற வண்டியை நம்பித்தான் போகணும்னா வேண்டாம்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி சொல்றேன்: நவி மும்பை பக்கம் போற ஹார்பர் லைன்ல ஜூயிநகர், நேருல் பக்கம் பாருங்க. குர்லா வரைக்கும் ஒரே வண்டி, தூரமும் பாதி. மிச்சம் குறையும், ஆனா புதுக் குடித்தனத்துல ராத்திரி ஒம்பது மணிக்கு ரெண்டு பேரும் முழிச்சிருப்பீங்க.

கேள்வி (திவா): அக்கா, விலை மலிவுன்னு திவாவுல ரூம் எடுத்தேன். காலையில ஃபாஸ்ட் வண்டியில ஏறவே முடியல. ரெண்டு வண்டி விட்டுட்டு மூணாவதுல படியில தொங்கிட்டுப் போறேன். பழகிடுமா?

பதில்: பழகக் கூடாது. 2025 ஜூன் 9 அன்னிக்கு மும்ப்ரா வளைவுல ரெண்டு வண்டி எதிரெதிரா கடந்தப்போ படியில தொங்கினவங்க கீழ விழுந்து செத்துப் போனாங்க. நீங்க தினம் கடக்குற அதே இடம். ஏசி இல்லாத வண்டிக்கும் தானாச் சாத்துற கதவு வைக்கிறதா ரயில்வே அப்புறம் சொல்லுச்சு. அது எல்லா வண்டிக்கும் வர்ற வரைக்கும் உயிர் உங்க கையில, நிஜமாவே அந்தக் கம்பியைப் பிடிச்சிருக்கிற கையில.

வீடு தேடுறப்போ யாரும் சொல்லித் தராத விஷயம் இது. தூரம் குறைஞ்சா பயணம் சுலபம்னு ஒண்ணும் இல்லை. கல்யாண், டோம்பிவிலி மாதிரி வண்டி புறப்படுற ஸ்டேஷன்ல இருக்கிறவன் உக்கார்ந்து வருவான். அவனைவிட மும்பைக்குக் கிட்ட, திவா, மும்ப்ரா, கல்வாவுல இருக்கிறவன் நிக்கக்கூட இடமில்லாம தவிப்பான். வண்டி அவன்கிட்ட வர்றப்போ ஏற்கெனவே அடைச்சாச்சு. மலிவுக்குக் காரணமும் பாதி அதுதான்.

உடனே செய்யக்கூடியது: எதிர்த் திசையில டோம்பிவிலியிலயோ கல்யாண்லயோ முடியுற வண்டியில ஏறி, அதே வண்டி திரும்புறப்போ உக்கார்ந்தே வாங்க. "ரிட்டர்ன்" வர்றதுன்னு சொல்வாங்க, பல பேர் செய்யிறதுதான். அரை மணி நேரம் கூடும். ஆனா பாஸ் திவாவுலேர்ந்து இருக்கக் கூடாது, கல்யாண்லேர்ந்து எடுத்திருக்கணும். இல்லேன்னா டிசி (டிக்கெட் செக் பண்றவர்) பிடிச்சா அபராதம், வாதாட முடியாது. ரூம் ஒப்பந்தம் முடிஞ்சதும் டோம்பிவிலிக்கு மாறிடுங்க.

கேள்வி (முலுண்ட்): ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ் எடுத்தா நிம்மதியா?

பதில்: கூட்டம் கொஞ்சம் குறைவு, நெரிசல் நேரத்துல நிக்கிறது என்னவோ அதேதான். செகண்ட் கிளாஸ் பாஸைவிடப் பல மடங்கு விலை. முலுண்ட் மாதிரி நடுவுல ஏறுறவங்களுக்கு நாலு விரக்கடை காத்து கூடக் கிடைக்கும், சீட் கிடைக்காது. இதை வச்சு ஏசி வண்டியில ஏறலாம்னும் நினைக்காதீங்க, செல்லாது.

கேள்வி (மீரா ரோடு): மேடம், ஏசி லோக்கல் வந்தப்புறம் தூரம் ஒரு பிரச்சினையே இல்லைன்னு என் நண்பர் சொல்றார். சர்ச்கேட் வரைக்கும் தினம் போகணும்.

பதில்: நண்பருக்கு ஆபீஸ் நேரத்துக்கு வண்டி தோதா இருக்கு போல. மேற்கு ரயில்வேயில 2017 கிறிஸ்மஸ் அன்னிக்கு முதல் ஏசி லோக்கல் ஓடுச்சு, 2022 மே மாசம் ஒற்றை டிக்கெட் விலையைப் பாதியாக் குறைச்சப்புறம்தான் கூட்டம் சேர்ந்துது. நல்ல வண்டி, கதவு சாத்தும், வேர்வை இல்லை, சட்டை கசங்காது. கஷ்டம் எங்கன்னா, சாதா வண்டி மூணு நாலு நிமிஷத்துக்கு ஒண்ணு வரும், ஏசி அப்படி வராது. உங்க நேரத்துக்குப் பொருந்துற ஏசி வண்டி போக ஒண்ணு, வர ஒண்ணுன்னா, அதைத் தவறவிட்ட நாள் எப்படி இருக்கும்னு பார்த்துட்டு பாஸ் எடுங்க. சாயங்காலம் மேனேஜர் ஆறு மணிக்கு மேல "ஒரு நிமிஷம் வாங்க"ன்னு கூப்பிடுற ஆபீஸ்னா அந்தப் பாஸ் பாதி நாள் பையிலயே கிடக்கும்.

கேள்வி (டோம்பிவிலி): அக்கா, குழந்தைக்கு எட்டு மாசம். லோயர் பரேல்ல பழைய வேலைக்குத் திரும்பக் கூப்பிடுறாங்க. மாமியார் கூட இருக்காங்க, பார்த்துப்பாங்க. எல்லாரும் தாதர்ல மாறி வெஸ்டர்ன் லைன் வண்டி பிடின்னு சொல்றாங்க. நினைச்சாலே பயமா இருக்கு.

பதில்: தாதர்ல மாறவே வேண்டாம்மா. லோயர் பரேல் ஆபீஸ் பலதுக்கும் சென்ட்ரல் லைன்ல கர்ரி ரோடு ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடலாம். அங்க ஸ்லோ வண்டி மட்டும்தான் நிக்கும், அதனால யாரும் யோசிக்கிறதில்லை. டோம்பிவிலியிலேயே புறப்படுற ஸ்லோ எத்தனை மணிக்குன்னு பாருங்க. ஃபாஸ்ட்டைவிடக் கால் மணி, இருபது நிமிஷம் கூடும். ஆனா ஜன்னலோரம் உக்கார்ந்து, இறங்குற இடம் வரைக்கும் ஒரே வண்டி. தாதர் பாலத்துல முண்டுற நேரத்தைக் கழிச்சா பெரிய வித்தியாசம் இருக்காது.

திரும்பி வர்றதுதான் கஷ்டம். கர்ரி ரோட்டுல ஏறுறப்போ லேடீஸ் பெட்டி நிறைஞ்சிருக்கும். ஏறினதும் வரிசையா ஒவ்வொரு சீட்டாக் கேளுங்க: "கஹா உதரோகே?" ஒருத்தி காட்கோபர்ம்பா, ஒருத்தி தானேம்பா. காட்கோபர் சொன்னவகிட்ட "அந்த சீட் எனக்கு"ன்னு சொல்லி வச்சுட்டு அவ முழங்கால் பக்கத்துலயே நின்னுடுங்க. சொல்லி வச்சா அது எழுதாத சட்டம், நடுவுல வேற யாரும் உக்கார மாட்டாங்க. அதுக்கு முன்னாடியே மூணு பேர் சீட்டுல நாலாவதா ஒண்டிக்க இடம் கிடைச்சாலும் விடாதீங்க, பாதி உடம்பு வெளியில இருந்தாலும் காலுக்கு ஓய்வுதான். ஒரு மாசத்துல உங்களுக்கும் ஒரு குரூப் சேர்ந்துடும், அவங்களே பைய வாங்கி மடியில வச்சுப்பாங்க.

வேலையை விட்டுட்டு மறுபடி தேடுறது இந்தப் பயணத்தைவிடக் கஷ்டம், போங்க. ஆபீஸ்ல ஒண்ணு மட்டும் கேட்டு வாங்கிடுங்க: காலையில ஒரு மணி நேரம் முன்னாடி வந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்புறேன்னு. ஆறரைக்கு ஏறுறதுக்கும் அஞ்சரைக்கு ஏறுறதுக்கும் ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம். மாமியாருக்கு ஞாயித்துக்கிழமை முழு லீவு கொடுத்துடுங்க, அவங்களும் டூட்டி பார்க்கிறாங்க.

கேள்வி (சயான்): பன்வேல்ல ஃபிளாட் புக் பண்ணலாம்னு இருக்கோம். அடல் சேது, புது ஏர்போர்ட், மெட்ரோ எல்லாம் வந்தா அரை மணியில ஆபீஸ் போயிடலாம்னு பில்டர் சொல்றார். என் ஆபீஸ் தென் மும்பை நரிமன் பாயின்ட்.

பதில்: அடல் சேது 2024 ஜனவரியிலேயே வந்தாச்சு. கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர், நல்ல பாலம். உங்ககிட்ட கார் இருக்கா, தினம் எடுப்பீங்களா, அதைச் சொல்லுங்க. டூ வீலருக்கும் ஆட்டோவுக்கும் அதுல அனுமதி இல்லை. காருக்கு டோல் ஒரு வழிக்கு 250 ரூபாய்னு வச்சுத்தான் திறந்தாங்க. அதை 22 நாளால பெருக்கி, பெட்ரோல், நரிமன் பாயின்ட் பார்க்கிங் எல்லாம் சேர்த்தா இன்னொரு இஎம்ஐ. கார் இல்லேன்னா பழைய ஹார்பர் லைன்தான் உங்க வழி: பன்வேல்லேர்ந்து சிஎஸ்எம்டி (தென் மும்பையில வண்டி முடியுற ஸ்டேஷன்) 49 கிலோமீட்டர், எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு வரும், ஃபாஸ்ட் கிடையாது. நல்லது ஒண்ணு, பன்வேல்ல புறப்படுற வண்டி, சீட் நிச்சயம்.

"வரப்போற" மெட்ரோவைக் கணக்குல சேர்க்காதீங்க. கொலாபா பக்கம் போற மெட்ரோ 3, பல வருஷம் தோண்டி, 2024 அக்டோபர்ல பிகேசி வரைக்கும் வந்து, 2025 அக்டோபர்லதான் கஃப் பரேட் வரைக்கும் முழுசா ஓடுச்சு. அதை நம்பி ஆரம்பத்துல ஃபிளாட் வாங்கினவங்க அந்த வருஷம் எல்லாம் லோக்கல்லதான் போனாங்க.

சூரிச்ல ஸ்டுட்ஸர், ஃபிரைன்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் ஜெர்மனி ஆளுங்க விவரத்தை வச்சு ஆராய்ச்சி பண்ணினாங்க. தூரம் போய் வர்றவங்களுக்கு வீடோ சம்பளமோ அதை ஈடுகட்டியிருக்கணும், ஆனா அவங்க மனத்திருப்தி குறைவாத்தான் இருந்துச்சுன்னு எழுதினாங்க. எனக்குத் தெரிஞ்ச குடும்பங்கள்லயும் அப்படித்தான். புது ஃபிளாட்டோட பெரிய ஹால் ஆறு மாசத்துல கண்ணுக்குப் பழகிடும், கூட்டம் பழகாது.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி அதே ஏரியாவுல 11 மாச லீவ் அண்ட் லைசென்ஸ் (வாடகை ஒப்பந்தம்) போட்டு இருந்து பாருங்க. மழைக்காலம், ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும், அதுக்குள்ள வரணும். பில்டர் விலை ஏறும்னு பயமுறுத்துவார். ஏறட்டும்.

கேள்வி (கல்யாண்): மழைக்காலத்துல என்ன பண்றது?

பதில்: 2005 ஜூலை 26 அன்னிக்கு சாந்தாகுருஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டுச்சு, தண்டவாளத்து மேலயே நடந்து வீடு வந்தவங்க இன்னும் இருக்காங்க. அது மாதிரி தினம் வராது. ஆனா குர்லா, சயான் பக்கம் தண்டவாளத்துல தண்ணி நிக்கிறது வருஷா வருஷம் உண்டு. மாட்டுங்காவுலயோ தாதர்லயோ ராத்திரி தங்க ஒரு சொந்தக்காரங்க வீடு இருக்கணும், பையில ஒரு செட் உடுப்பு இருக்கணும். ஞாயித்துக்கிழமை மெகா பிளாக் (தண்டவாள வேலைக்காக வண்டியை நிறுத்துறது) இருக்கான்னு பார்க்காம கல்யாண வீட்டுக்குக் கிளம்பாதீங்க.

கேள்வி (ஐரோலி): வாரத்துக்கு ரெண்டு நாள்தான் ஆபீஸ் போகணும். அம்பர்நாத் போகலாமா?

பதில்: தாராளமாப் போங்க. ஆனா அந்த ரெண்டு நாள் ஆபீஸ் கொடுத்த கடிதத்துல இருக்கா, மேனேஜர் வாய்ல இருக்கான்னு பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.

கேள்வி (தாராவி): அக்கா, செலவுக் கணக்குல எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) வருமா? டோம்பிவிலி போனா வரி கூடும்னு ஒருத்தர் சொல்றாரு.

பதில்: நீங்க பழைய வரி முறையில இருந்தாத்தான் இந்தப் பேச்சே, புதுசுல எச்ஆர்ஏ விலக்கு கிடையாது. பழைய முறையில வீடு எந்த ஊர்ல இருக்குன்னு பார்ப்பாங்க, ஆபீஸை இல்லை. மும்பைக்குள்ள வாடகை வீடுன்னா உச்ச வரம்பு அடிப்படைச் சம்பளத்துல 50 சதவீதம். டோம்பிவிலி, தானே, பத்லாபூர் எல்லாம் 40 சதவீதம். ஆனா விலக்கு அந்த வரம்பு, கம்பெனி கொடுக்குற எச்ஆர்ஏ, கொடுத்த வாடகையில அடிப்படைச் சம்பளத்தோட பத்துல ஒரு பங்கைக் கழிச்சது, இந்த மூணுல எது குறைவோ அதுக்குத்தான். வாடகை குறைஞ்ச இடத்துக்குப் போறீங்க, உங்களுக்குக் கடைசி எண்தான் குறைவா வரும். அதனால விலக்கு எப்படியும் சுருங்கும். அவர் சொன்னது சரி, காரணம் அந்த 40 சதவீதம் இல்லை, குறைஞ்ச வாடகை.

கேள்வி (மாட்டுங்கா): அப்பாவுக்கு 74. டோம்பிவிலி மாறினா எனக்கு வாடகை பாதி. ஆனா அவர் "கோவில், மார்க்கெட், வாழைப்பூ எல்லாத்தையும் விட்டுட்டு அங்க என்ன பண்றது"ன்னு கேக்குறார்.

பதில்: டோம்பிவிலியில வாழைப்பூவும் கிடைக்கும், கும்பாபிஷேகமும் நடக்கும். சவுத் இந்தியன் அசோசியேஷன் ஸ்கூலே இருக்கு, நம்ம ஆளுங்க அங்க ரெண்டு தலைமுறையா இருக்காங்க. ஊருக்குப் போறதும் சுலபம், தெற்கே போற பல ரயிலும் கல்யாண்ல நிக்கும், மூட்டையோட தாதர் வரைக்கும் அலைய வேண்டாம்.

அவர் நிஜமாக் கேக்குறது வேற. காலையில தனியா நடந்து போய் காபி குடிச்சு, நாலு பேரைப் பார்த்துட்டு வர்ற தெரு வேணும். அதனால ஃபிளாட்டை லிஃப்ட் பார்த்து எடுக்குறதோட, வாசல்லேர்ந்து கோவில் வரைக்கும் அவரை நடக்கவச்சுப் பாருங்க, வழியில எத்தனை தடவை ரோடு கடக்குறார்னு. அப்புறம் மாட்டுங்காவுல அவர் பார்க்குற டாக்டர் யாரு, மாசத்துக்கு எத்தனை தடவை? அடிக்கடின்னா நெரிசல் இல்லாத மத்தியான வண்டியில ஒரு தடவை கூட்டிட்டுப் போய் வந்துட்டு, அப்புறம் முடிவு பண்ணுங்க. அவரையும் கேட்டுட்டு.