அம்மா பெயரில் ஒரு போக்கர் கணக்கு

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மனைவி, ஒரு மகள், அம்மா. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த அப்பா காலமாகிவிட்டார். எனக்குக் குடி, சிகரெட் கிடையாது. ஒரே பொழுதுபோக்கு, மகள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் போக்கர். முன்பு ஆடிய ஆப் 2025 ஆகஸ்டில் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டது. இப்போது நண்பர் ஒருவர் டெலிகிராமில் அனுப்பிய லிங்க் வழியாகப் புதிய தளம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். முதல் டெபாசிட்டுக்கு 100 சதவீதம் போனஸ். சினிமாவுக்குச் செலவழிப்பதுபோல நினைத்துத்தான் ஆடுகிறேன்; கட்டாயப் பந்தயம் 5, 10 ரூபாய் என்று இருக்கிற 5/10 பிளைண்ட் டேபிளைத் தாண்டுவதில்லை. (என் சம்பளக் கணக்கை மனைவியும் பார்ப்பாள். வீண் பேச்சு எதற்கென்று அம்மாவின் பென்ஷன் கணக்கிலிருந்து பணம் போடுகிறேன். அதில் என் செல் நம்பர்தான் இருக்கிறது. பெயர் ஒத்துப்போக வேண்டுமே என்று தளத்திலும் அம்மா பெயர்தான். சம்பளம் வந்ததும் திருப்பி வைத்துவிடுவேன்.) தற்போது தளத்தில் 6,200 ரூபாய் இருக்கிறது. ஒரு புதிய தளம் நம்பகமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போக்கர் திறமை ஆட்டம் என்று உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கும்போது ஏன் பயப்பட வேண்டும்?

— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் போட்டு நீங்கள் ஓரமாக ஒதுக்கிய விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். தளத்தின் யோக்கியதையைப் பிறகு பார்க்கலாம். அம்மாவிடம் கேட்டீர்களா?

கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். மனைவிக்குத் தெரியாது என்பதையாவது சொல்லிவிட்டீர்கள். அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா என்பது உங்களுக்கு எழுதவே தோன்றவில்லை. ரம்மி, போக்கர் பற்றி இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான். ‘நான் கட்டுப்பாட்டோடு ஆடுகிறவன்’ என்று ஆரம்பிக்கும். நடுவில் எங்கேயோ மனைவியின் வளையலோ, ஏலச்சீட்டுப் பணமோ போகிற போக்கில் தலைகாட்டும். உங்கள் கடிதத்தில் அம்மாவின் பென்ஷன்.

சினிமாவுக்குச் செலவழிப்பதுபோல என்கிறீர்கள். எந்தச் சினிமா டிக்கெட்டை அம்மா கணக்கிலிருந்து, அம்மா பெயரில், மனைவி கண்ணில் படாமல் வாங்கினீர்கள்? பொழுதுபோக்குக்குச் செலவழிப்பவன் தன் காசில், தன் பெயரில் செலவழிப்பான். ‘நேற்று ஐந்நூறு போச்சு’ என்று சாப்பிடும்போது சொல்லவும் செய்வான். உங்களால் அது முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். வீண் பேச்சு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள்.

அந்தத் தளத்தின் ஏட்டைத் திறந்தால் அங்கே நீங்கள் இல்லை. ராத்திரி பதினொன்றரைக்கு 5/10 டேபிளில் உட்கார்ந்து ரெய்ஸ் போட்டுக்கொண்டிருப்பது உங்கள் அம்மா. கணவரின் பென்ஷனில் காலம் தள்ளுகிற ஒரு பெண்மணி, நாடு பேர் தெரியாத தளத்தில் சீட்டாடுகிறார் என்றுதான் பதிவாகியிருக்கிறது. ஜெயித்தால், ஆன்லைன் ஆட்டத்தில் வென்ற நிகரத் தொகைக்கு 30 சதவீத வருமான வரி உண்டு. அதுவும் அவர் பெயரில். இதை அவரிடம் விளக்கிச் சொல்லி, சரி என்று தலையாட்டவைக்க உங்களால் முடியுமா?

இன்னும் மோசமானது, பணம் போய் வருகிற வழி. உங்கள் போனில் யுபிஐ வரலாற்றை எடுத்துப் பாருங்கள். நீங்கள் டெபாசிட் செய்த பணம் அந்தத் தளத்தின் பெயருக்கா போயிருக்கிறது? பெரும்பாலும் இராது. ஒரு நாள் யாரோ ஒரு தனிநபர், இன்னொரு நாள் ஏதோ ஒரு ட்ரேடர்ஸ், அடுத்த முறை வேறொரு க்யூஆர். இவை வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகள். ஒன்றை முடக்கினால் இன்னொன்று முளைக்கும். இதே கணக்குகளில் வேலைவாய்ப்பு மோசடி, ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடி என்று ஏமாந்தவர்களின் பணமும் புழங்கும்.

தோற்றால் பணம் போவதோடு சரி. ஜெயித்து வித்டிரா போட்டால்தான் வினை. வித்டிரா பணம் அப்படிப்பட்ட ஒரு கணக்கிலிருந்து அம்மாவின் கணக்குக்கு வரும். ஏமாந்தவர் எங்கோ ஒரு மாநிலத்தில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு போன் செய்து புகார் கொடுத்திருப்பார். அங்கிருக்கிற சைபர் கிரைம் போலீஸ், பணம் எந்தெந்தக் கணக்குகள் வழியாகப் போனதோ அவற்றையெல்லாம் நிறுத்திவைக்கச் சொல்லி வங்கிகளுக்கு எழுதும். ஏமாந்த பணத்தில் இரண்டாயிரம் ரூபாய் உங்கள் அம்மா கணக்குக்கு வந்திருந்தாலும் போதும். பென்ஷன் மாதாமாதம் வந்து விழும், எடுக்க முடியாது. கிளையில் போய்க் கேட்டால் புகார் எண்ணையும் அந்தக் காவல் நிலையத்தின் பெயரையும் எழுதிக் கொடுப்பார்கள், ‘அங்கே பேசுங்கள்’ என்பார்கள். பணம் எதற்காக வந்தது என்று விளக்கக் கடிதம் கேட்பார்கள். யார் எழுதுவது? கணக்கு யார் பெயரிலோ அவர். என்ன எழுதுவார்? வெயிலிலும் மழையிலும் கம்பம் ஏறிய மனிதர் விட்டுப்போன பணம் தம்பி அது. பிரஷர் மாத்திரை வாங்க அந்த அம்மா உங்களிடம் கை நீட்டாமல் இருப்பதே அதனால்தான். நாலு நாளைக்குத்தானே என்று நீங்கள் எடுத்தது அந்த மரியாதையை.

இனி தளத்துக்கு வருவோம். நம்பகமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். பணம் வைத்து ஆடும் ஆட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம். ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. இங்கே அலுவலகம் வைத்து, பான் கேட்டு, வரி பிடித்துக்கொண்டிருந்த பெரிய தளங்கள் அந்த வாரமே கடையைக் கட்டின. இருக்கிற பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆட்டக்காரர்களுக்குச் சொன்னன. அதற்குப் பிறகும் ரூபாயை வாங்கிக்கொண்டு டேபிள் போடுகிறவன் எப்படிப்பட்டவன் என்று கண்டுபிடிக்கத் தனி ஆராய்ச்சி வேண்டுமா? அவன் பணம் தராவிட்டால் எங்கே போய் நிற்பீர்கள்? பந்தயப் பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்று 1872-இலேயே இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. தளம் இருப்பது எந்தத் தீவிலோ.

வெளிநாட்டில் பெரிய பெயர் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபுல் டில்ட் போக்கர் என்று ஒன்று இருந்தது. உலகின் பிரபல ஆட்டக்காரர்களே அதில் பங்குதாரர்கள். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு அதன் மீது கை வைத்தது. ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. திரையில் அவரவர் பெயருக்கு நேரே தொகை பளிச்சென்று தெரிந்துகொண்டுதான் இருந்தது, உங்கள் 6,200 தெரிகிறதே, அதுபோல. அதற்கு முன்னால் அப்சலூட் போக்கர், அல்டிமேட்பெட் என்ற இரண்டு தளங்களில் உள்ளே இருந்தவர்களே மற்றவர்கள் கையிலிருக்கும் சீட்டைப் பார்த்து ஆடியதும் அம்பலமானது. உரிமம் இருந்த இடத்தின் லட்சணம் அது. உங்களுக்கு வந்தது ஒரு டெலிகிராம் லிங்க். லிங்க் அனுப்பிய நண்பரையும் கேளுங்கள், நீங்கள் கட்டுகிற ரேக்கில், அதாவது நடுவில் சேரும் பணத்திலிருந்து தளம் பிடித்துக்கொள்கிற கமிஷனில், அவருக்குப் பங்கு உண்டா என்று. இந்தத் தொழிலில் ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குக் கமிஷன் தருவது சாதாரணம்.

திறமை ஆட்டம் என்ற வாதத்துக்கு வருகிறேன். சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அப்படிச் சொன்னது உண்மை. தமிழக அரசு ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலில் சேர்த்ததை அது ஏற்கவில்லை. நானும் மறுக்கவில்லை, போக்கரில் திறமை உண்டு. அதுதான் உங்களுக்குக் கெட்ட செய்தி. நாள் முழுக்க இதையே தொழிலாக வைத்து, நாலு டேபிளை ஒரே திரையில் திறந்து, உங்கள் பழக்கத்தைக் கணக்கெடுத்து ஆடுகிறவன் எதிரே இருக்கிறான். ஆள் என்ற பெயரில் ஆடும் கணினி நிரல்களும் இருக்கின்றன. நீங்களோ ஷிப்மென்ட் நெருக்கடியில் நாளெல்லாம் மண்டை காய்ந்து, கண் சொருகுகிற நேரத்தில் உட்காருகிறீர்கள். திறமைதான் ஜெயிக்கும் என்றால் யார் ஜெயிப்பார்?

உங்கள் 5/10 டேபிளையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு பேர், ஆளுக்கு ஆயிரம் ரூபாயோடு உட்காருகிறீர்கள். மணிக்கு அறுபது கை, அதாவது அறுபது சுற்று, ஓடுகிறது. சராசரியாக ஒரு கைக்கு நூறு ரூபாய் நடுவில் சேருகிறது, தளம் ஐந்து சதவீதம் ரேக் எடுக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 300 ரூபாய் டேபிளை விட்டுப் போகிறது. ஆறு பேரும் சரிசமமான கெட்டிக்காரர்களாக இருந்து, யாரும் புதிதாகப் பணம் போடாவிட்டால், இருபது மணி நேரத்தில் ஆறாயிரமும் தளத்துக்கே. ஒருவன் கூட ஜெயிக்க மாட்டான். தினம் ஒரு மணி நேரம் என்றால் மூன்று வாரம்கூட ஆகாது. அப்புறம் போனஸ். அது மொத்தமாகக் கைக்கு வராது. நீங்கள் ரேக் கட்டக் கட்டத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும், கெடு முடிந்தால் மிச்சம் போய்விடும். ஒரு மணி நேரம் ஆடுகிறவனை மூன்று மணி நேரம் ஆடவைக்கத்தான் அந்த ஏற்பாடு.

மனைவி விஷயத்தில் நான் பழைய காலத்து ஆள் என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை. கணவன் காசு தனி, மனைவி காசு தனி என்று இருக்கட்டும், தப்பில்லை. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் செலவழிக்கிற பணம் ஒரு வீட்டில் இருக்கக் கூடாது. அவர் உங்கள் கணக்கைப் பார்ப்பதைத் தொல்லைபோல எழுதியிருக்கிறீர்கள். அவர் பார்க்கிற அந்தக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட இந்தத் தளத்துக்குப் போகவில்லை, கவனித்தீர்களா? இந்த விவகாரத்தில் உங்களைக் கொஞ்சமாவது காப்பாற்றியது அவர் கண்தான். யாரும் பார்க்காத கணக்காகப் பார்த்துத்தானே போனீர்கள்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த 6,200-ஐ எடுக்காதீர்கள். ‘எடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறேன்’ என்று தோன்றும். அப்படி எடுக்கிற பணம்தான் அம்மாவின் கணக்கை முடக்கப் போகிற பணமாக இருக்கலாம். உங்கள் சொந்தக் கணக்குக்கும் வேண்டாம். போனது போகட்டும். ஆப்பை நீக்குங்கள், அந்த டெலிகிராம் குழுவிலிருந்து வெளியே வாருங்கள். சீட்டாடாமல் தூக்கம் வராது என்றால் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களை வீட்டுக்கு அழைத்துப் புளியங்கொட்டை வைத்து ஹோல்டெம் போக்கர் ஆடுங்கள். திறமை ஆட்டம்தானே, புளியங்கொட்டையிலும் திறமை தெரியும். காசில்லாமல் அதில் ருசியே இல்லை என்று பட்டால் 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ், அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இணையப் பழக்கங்களுக்கென்றே ‘ஷட்’ என்று ஒரு கிளினிக் இருக்கிறது.

இந்த வாரமே மனைவியிடம் சொல்லுங்கள். எவ்வளவு போட்டீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். கோபப்படுவார், அன்றைக்கு அவர் சொல்வதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அம்மா கணக்கிலிருந்து எடுத்ததை மனைவி முன்னாலேயே சம்பளத்திலிருந்து திருப்பி வையுங்கள், தவணை ஆனாலும் சரி. பிறகு அரை நாள் லீவு போட்டு அம்மாவை வங்கிக்கு அழைத்துப் போங்கள். கணக்கிலிருந்து உங்கள் செல் நம்பரை எடுத்துவிட்டு அவர் நம்பரைப் போட மனு கொடுங்கள். பாஸ்புக்கைப் பதிந்து வாங்கி அவர் கையிலேயே கொடுங்கள். முன்பின் தெரியாத பெயர்களுக்குப் பணம் போன வரிகள் அதில் இருக்கும். ஒவ்வொன்றும் என்ன என்று, அவர் கேட்பதற்கு முன்னால், நீங்களே விரல் வைத்துக் காட்டிச் சொல்லுங்கள்.