சின்ன வயது பார்பியைப் பார்த்ததும் ஏன் மனசு உருகுகிறது?

இதுதான் பழைய நினைவின் ஏக்கம்: போன காலத்தை நினைக்கையில் இனிப்பும் வலியும் சேர்ந்தே வருவது. 1959-இல் பார்பி வரும்வரை கடைகளில் பெரும்பாலும் குழந்தைப் பொம்மைகள்தான். அவற்றுக்கு நாம் அம்மா. பார்பியிலோ நாளைய நம்மையே உடுத்திப் பார்த்தோம். அதனால்தான் ஏக்கம் இவ்வளவு ஆழம்.

அப்புறம், கைகளுக்கும் ஞாபகம் உண்டு. கழன்றுகொண்டே இருக்கும் குட்டிச் செருப்பு, சீப்பில் சிக்கும் நைலான் முடி, அந்தப் பிளாஸ்டிக் வாசனை. வாசனை, நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்குக் குறுக்குவழியில் போய்விடும். பாட்டின் முதல் வரி கேட்டதும் மீதி தானாக வாயில் வருமே, அப்படித்தான்.

1688-இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் இந்த ஏக்கத்தின் ஒரு வடிவமான ஊர் ஏக்கத்தை நோய் என்றே எழுதினார். இன்றும் சிலர் அப்படி நினைக்கிறார்கள், ஆனால் இது நோயல்ல.