பழைய 407-ஐ மீட்பது: கேள்வி பதில்

தோட்டத்துக்கும் மண்டிக்கும் ஓடி ஓய்ந்த டாடா 407 சிறு லாரிகளைப் பற்றி வந்த கேள்விகளும், ஒரு பட்டறைக்காரரின் பதில்களும்.

அண்ணா, எங்கள் வண்டி பல வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறது. புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா? (கோபி)

வேண்டாம் தம்பி, செல்ஃபை (ஸ்டார்ட்டர் மோட்டாரை) தொடாதீர்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறட்டும். அப்புறம் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் இரண்டு முழுச் சுற்று வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கெட்டியாக நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள், எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டை இறக்கித்தான் பார்க்க வேண்டும். இன்ஜெக்டரை மாட்டும் முன் இன்னொரு தடவை சுற்றி மிச்ச ஆயிலை வெளியேற்றிவிடுங்கள்.

டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். அடியில் தண்ணீரும் கசடும் கட்டாயம் இருக்கும். அது டீசல் பம்ப்புக்குள் போய்விட்டால் செலவு எகிறிவிடும். புது ஃபில்டர் போட்டு, ஃபீட் பம்ப்பைக் கையால் அடித்து, குமிழி நிற்கும்வரை டீசல் குழாயில் அடைந்த காற்றை எடுத்த பிறகுதான் செல்ஃப்.

எஞ்சினையே மாற்றிவிட்டால் என்ன? (தாராபுரம்)

எதற்கு? பழைய 407-இல் இருப்பது 497 எஞ்சின். நாலு சிலிண்டர், 97 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 2956 சிசி. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் மறுபடி உழைக்கும். மாற்றினால் எஞ்சின் நம்பரை ஆர்சி-யில் ஏற்ற அலைய வேண்டும்.

ஆர்சி இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. வேலை முடிந்தபின் மாற்றிக்கொள்ளலாமா? (உடுமலை)

முதல் வேலையே அதுதான். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தாமதமாகியிருந்தாலும் வாரிசுச் சான்றிதழ், உடன்பிறந்தவர்களின் சம்மதத்தோடு படிவம் 31 கொடுங்கள். அண்ணன் தம்பிக்குள் பேசி முடிக்காத வண்டிக்கு நான் ஸ்பேனரே எடுப்பதில்லை.

கேபின் தரை ஓட்டை விழுந்துவிட்டது. பட்டி வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் டிங்கர். (மணப்பாறை)

ஆளை மாற்றுங்கள். துருவை வெட்டி எடுத்துத் தகடு வைத்து வெல்டிங் செய்து, இரண்டு பக்கமும் பிரைமர் அடிக்க வேண்டும். பட்டி அடுத்த மழைக்கே உதிரும். சேசிஸைச் சுரண்டும்போது நம்பர் குத்திய இடத்தில் கிரைண்டர் படக்கூடாது. அது அழிந்தால் எஃப்சி-யில் (தகுதிச் சான்றுக்கான சோதனையில்) மாட்டிக்கொள்வீர்கள்.

பின்கதவில் தாத்தா எழுதவைத்த ஊர்ப் பெயரும் குலசாமி பெயரும் இருக்கின்றன. பெயிண்ட் அடித்தால் போய்விடுமே? (முசிறி)

உப்புத்தாள் போடும் முன் போட்டோ எடுத்து, டிரேசிங் தாளில் அச்சு எடுத்துவையுங்கள். பிறகு கையால் எழுதும் பெயிண்டரிடம் கொடுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம், அந்த எழுத்தின் வளைவு அதில் வராது.

ஆனால் பெயிண்ட் கடைசி வேலைதான். அதற்கு முன் வீல் சிலிண்டர் ரப்பர், பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில் எல்லாம் புதிதாக வேண்டும். முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டயர் பட்டன் (தரையில் படும் பள்ளமேடு) நன்றாக இருக்கிறது, அப்படியே ஓட்டலாமா? (அதே முசிறிக்காரர்)

பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 1214 என்றால் 2014-இன் 12-ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழசு என்றால் லோடு ஏற்றாதீர்கள், மாற்றிவிடுங்கள்.