சி.டி. படத்தில் அடைப்பைக் கணினி அளக்கிறதே, நம்பலாமா?

இதய சி.டி. படங்களைப் படிக்கும் கதிரியக்க மருத்துவர் வாசகர்களுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு சி.டி. ஆஞ்சியோகிராமில் 60 சதவீத அடைப்பு என்று வந்திருக்கிறது. உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டுமா? ரத்த ஓட்டத்தைக் கணினியே கணக்கிடுமாமே?

பதில்: சதவீதத்தை மட்டும் பார்த்து ஸ்டென்ட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். 60 சதவீதம் சுருங்கிய தமனி ஒருவருக்குப் போதிய ரத்தத்தை விடும், இன்னொருவருக்கு விடாது. அடைப்பைத் தாண்டியதும் அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்பதே முக்கியம். அடைப்பைத் தாண்டிய இடத்தில் உள்ள அழுத்தத்தை, இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் அழுத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை எஃப்.எஃப்.ஆர். என்கிறோம். அது 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு ஓட்டத்தைத் தடுக்கிறது என்று கொள்கிறோம். முன்பு இதை அறிய தமனிக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தியாக வேண்டும். ஹார்ட்ஃப்ளோ மென்பொருள் சி.டி. படத்திலிருந்தே தமனியின் முப்பரிமாண வடிவத்தை எடுத்து, அதில் ஓட்டத்தைக் கணக்கிடுகிறது. வடிவத்தைப் பிரித்தெடுப்பதில்தான் செயற்கை நுண்ணறிவு உதவுகிறது. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2014இல் இதை அனுமதித்தது. சிகிச்சைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017இல் பரிந்துரைத்தது. எண் 0.80ஐ ஒட்டி வந்தால் அப்பாவுக்கு வலி இருக்கிறதா, அடைப்பு எந்த இடத்தில் என்பதையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். இதயத்தின் இடப்பக்கத்துக்கு ரத்தம் தரும் இடது முதன்மைத் தமனியில் அடைப்பு என்றால் மட்டும் தாமதிக்காமல் இதய மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்குத் தமனியில் கால்சியம் அதிகம். அப்போதும் கணினி சரியாகச் சொல்லுமா?

பதில்: அங்கேதான் அது தடுமாறும். கால்சியம் படத்தில் உண்மை அளவைவிடப் பெரிதாகத் தெரியும், அடைப்பும் மிகையாகிவிடும். இதயம் வேகமாகத் துடித்தாலும் படம் கலங்கும். அதனால்தான் துடிப்பைக் குறைக்க முன்கூட்டியே மாத்திரை தருகிறார்கள். அதைத் தவிர்க்காதீர்கள். மங்கலான படத்தை எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: அடைப்பு இல்லை என்று வந்தவர்களுக்கும் மாரடைப்பு வருகிறதே, ஐயா?

பதில்: வருகிறது, எனக்கு மிகுந்த கவலை தரும் விஷயம் இது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் தமனியைச் சுற்றியுள்ள கொழுப்பைப் பார்த்தார்கள். தமனிச் சுவரில் அழற்சி இருந்தால் அருகிலுள்ள கொழுப்பின் தன்மை மாறுகிறது. கண்ணுக்குப் பிடிபடாத அந்த மாற்றத்தைக் கணினி சி.டி. படத்திலேயே அளக்கிறது. 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அவர்களது ஓர்ஃபான் ஆய்வில், இதய சி.டி. எடுத்துக்கொண்ட 40,091 பேர். அவர்களில் நேர்ந்த இதய மரணங்களில் பாதிக்கும் மேல், பெரிய அடைப்பு இல்லாதவர்களிடமே. ஆகவே ரிப்போர்ட் நன்றாக வந்ததும் புகையையும் சர்க்கரையையும் மறந்துவிட வேண்டாம்.

கேள்வி: எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆண்டுக்கொரு முறை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். கதிர்வீச்சும் சாய மருந்தும் காரணமில்லாமல் எதற்கு?

கேள்வி: ஸ்கேன் ஃபிலிம் வைத்திருக்கிறேன். வேறு ஊரில் கணினியிடம் காட்டலாமா?

பதில்: ஃபிலிம் உதவாது. மெல்லிய வெட்டுகளாக எடுத்த முழுப் படங்களும் டைகாம் எனும் மருத்துவப் படக் கோப்புகளாக வேண்டும். ஸ்கேன் மையத்தை விட்டுக் கிளம்பும்முன் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.